ஐயாயிரம் ரூபாய்க்குள் சாய்வு சைக்கிளைச் சீர்செய்ய முடியுமா?

உச்சிப்புளிவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் ஒருவர் தம் கைப்பட உருவாக்கி ஓட்டிவந்த சாய்வு சைக்கிளை, அதாவது முதுகைச் சாய்த்து உட்கார்ந்து காலை முன்னால் நீட்டி மிதிக்கும், ரிகம்பன்ட் என்கிறார்களே அந்த வகை வண்டியை, சென்ற மாதம் வாங்கி வந்தேன். முதுகு வலியால் சாதாரண சைக்கிளில் குனிந்து ஓட்ட முடியாமல் போனதுதான் காரணம். நடுச்சட்டம் இரும்புச் சதுரக் குழாய். பின்பகுதி ஒரு பழைய கியர் சைக்கிளிலிருந்து வெட்டி ஒட்டியது. பின்சக்கரம் 26 அங்குலம், முன்சக்கரம் குழந்தைகள் சைக்கிளின் 20 அங்குலம். முன்னால், பெடலோடு சுழலும் பல்சக்கரமான செயின்வீல், 48 பல்லில் ஒன்றே உள்ளது. பின்னால் 14 முதல் 28 பல் வரை ஏழு கியர்கள்.

தினமும் உச்சிப்புளியிலிருந்து இராமநாதபுரத்துக்கு வேலைக்குச் செல்கிறேன். கச்சான் என்னும் மேலைக்காற்று எழுந்துவிட்டால், காலையில் மேற்கு நோக்கிப் போகும்போது மிகச் சிறிய கியரில்கூட மிதிக்க முடியவில்லை. சாதாரண சைக்கிளில் என்றால் எழுந்து நின்று மிதிக்கலாம். இதில் முதுகு இருக்கையோடு ஒட்டிக் கிடக்கிறது. மேலும், முந்தைய உரிமையாளர் என்னைவிட உயரமானவர் என்பதால் பெடல் எட்டவில்லை. பெடலைத் தாங்கி முன்னால் நீளும் முன்குழாயை வெட்டிக் குறுக்கி மீண்டும் ஒட்டித் தருவதாக எங்கள் ஊர் வெல்டிங் பட்டறையில் சொல்கிறார்கள். இருக்கையோ பிளாஸ்டிக் நாற்காலியை அறுத்து வைத்தது. பத்து நிமிடத்தில் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்கிறது. வேகம் கூட வேண்டுமென்று மெல்லிய டயர்கள் போடலாமா என்றும் யோசிக்கிறேன். கையில் ஐயாயிரம் ரூபாய் உள்ளது. எதிலிருந்து தொடங்கலாம்?

வாடைக்காற்று எழுதியது:

டயரை மறந்துவிடுங்கள், முதலில் கியரைக் கவனியுங்கள். சக்கரத்தின் விட்டத்தை முன் பல்லால் பெருக்கிப் பின் பல்லால் வகுத்தால் கியரின் அளவு அங்குலத்தில் கிடைக்கும். உங்கள் வண்டியில் மிக இலகுவான கியரே 26 பெருக்கல் 48 வகுத்தல் 28, அதாவது ஏறத்தாழ 44.6 அங்குலம். எழுந்து நிற்க முடியாத வண்டிக்கு, அதுவும் ஆடி மாதத்து எதிர்காற்றில், இது மிகவும் கனம். செயின்வீலை மட்டும் 36 பல்லுக்கு மாற்றினால் அதே கியர் 33.4 ஆக இறங்கிவிடும்.

வேகம் போய்விடுமே என்று கவலைப்பட வேண்டாம். 36 பல்லுக்கு 14 பல் என்ற பெரிய கியரில் நிமிடத்துக்கு 80 முறை மிதித்தால் மணிக்குச் சுமார் 25 கிலோமீட்டர் வரும். அதற்கு மேல் உச்சிப்புளிச் சாலையில் எங்கே போகப் போகிறோம்? 32 பல் போட்டால் இன்னும் இலகுவாகும். ஆனால் ஐப்பசிக்குப் பின் காலையில் வாடை முதுகில் தள்ளும்போது கால்கள் வீணாகச் சுழலும். ஆகவே 36 போதும் என்பது என் எண்ணம்.

பெரும்பாலான மலிவு வண்டிகளில் செயின்வீல் வலது கிராங்கோடு, அதாவது பெடல் மாட்டும் தண்டோடு, சேர்த்தே அடிக்கப்பட்டிருக்கும். எனவே பழைய சாமான் கடையில் கிராங்கோடு சேர்த்து வாங்குங்கள். உங்கள் அச்சு சதுரத் தலை கொண்டதா, காட்டர் பின் என்னும் ஆப்பு ஆணி வைத்ததா என்று பார்த்துக்கொண்டு போங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

பழைய டைனமோ எழுதியது:

தம்பி, முன்குழாயை வெட்டவே வேண்டாம். மெல்லிய சதுரக் குழாயைப் படகு இரும்பு ஒட்டுகிற அதே கம்பியும் கரண்டும் வைத்து ஒட்டினால் ஓட்டை விழும். ஓட்டை விழாவிட்டாலும் ஒட்டின் ஓரத்தில்தான் பிறகு விரிசல் தொடங்கும். நீங்கள் மிதிக்கும் ஒவ்வொரு மிதியும் அந்தக் குழாயை வளைக்கப் பார்க்கிறது என்பதை மறக்க வேண்டாம். இன்னொரு கணக்கும் இருக்கிறது: முன்குழாயை 5 செ.மீ. குறுக்கினால் செயின் மேலும் கீழுமாகப் 10 செ.மீ., அதாவது எட்டுக் கண்ணிகள், மிஞ்சிப் போகும். இருக்கையை முன்னால் நகர்த்தினால் செயினைத் தொடவே வேண்டியதில்லை. இருக்கையைத் தாங்கும் பட்டைகளில் புதிய துளை இடுங்கள். நடுச்சட்டத்தில் மட்டும் துளை போடாதீர்கள். கால் நீண்ட நிலையில் முழங்காலில் மெல்லிய மடிப்பு இருந்தால் அதுதான் சரியான தூரம். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒவ்வொரு சென்டிமீட்டராக மாற்றுங்கள், முழங்கால் உங்களுக்கு நன்றி சொல்லும்.

இருக்கைக்கு உடைந்த ஈசிசேரின் குழாய்ச் சட்டத்தை எடுத்துக் கட்டிலுக்குப் பின்னுகிற நைலான் நாடாவைப் பின்னிவிடுங்கள். காற்று ஊடுருவும், முதுகின் வளைவுக்கு ஏற்பத் தளர்த்தவும் இறுக்கவும் முடியும். ஓரங்களை இழுத்துக் கட்ட மீன்வலைக் கயிற்றைவிட நல்ல பொருள் கிடையாது. வெயில் நைலானை நாளடைவில் பொடியாக்கும் என்பதால் வண்டியை நிழலில் நிறுத்துங்கள்.

மெல்லிய டயரைப் பற்றிக் கேட்டீர்கள். சீமைக் கருவேலம் காய்த்துக் கிடக்கும் மாவட்டத்தில் இருந்துகொண்டு அதைக் கேட்கலாமா? இருக்கிற தடித்த டயருக்குள், ஓரக் கம்பியை அறுத்தெடுத்த பழைய டயர் ஒன்றைப் பட்டையாகச் செருகுங்கள். வண்டி சற்றுக் கனக்கும், ஆனால் வழியில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டும் வேலை குறையும்.

இந்த வகை வண்டிக்கென்று உதிரிபாகங்கள் நம் கடைகளில் கிடைக்காததற்கும் ஒரு கதை உண்டு. 1933இல் பிரான்சிஸ் ஃபோர் என்ற பிரெஞ்சு ஓட்டுநர் சாய்வு சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, 1914ஆம் ஆண்டுச் சாதனையை முறியடித்தார். அடுத்த ஆண்டே உலகச் சைக்கிள் சங்கம் இந்த வடிவத்தைப் பந்தயங்களிலிருந்து விலக்கிவிட்டது. பந்தயத்தில் இல்லாத பொருளை எந்த ஆலை பெருமளவில் செய்யும்? நாமே ஒட்டுப்போட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

தென்கடல் எழுதியது:

மற்றவர்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் உப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே? சாதாரண செயின் 116 கண்ணிகள், ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். உங்கள் வண்டியில் அதைப் போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு இருக்கும். துருப்பிடிக்கும் இடமும் அத்தனை மடங்கு. இரண்டு மூன்று செயின்களை இணைத்துச் செய்யும்போது எல்லாம் கியர் வண்டிக்கான மெல்லிய செயினாக இருக்கட்டும். ஒற்றைக் கியர் வண்டியின் தடித்த செயின் பின்கியர்களுக்கு இடையே நுழையாது. இணைப்புக்கு அதே அளவு செயின் லாக் போடுங்கள்.

கீழே திரும்பி ஓடும் செயின் தளர்வானது. அதைச் சொட்டுநீர்ப் பாசனக் குழாய்த் துண்டு ஒன்றுக்குள் ஓட விட்டால் மணலும் ஒட்டாது, கால்சட்டையும் அழுக்காகாது. மேலே இழுபடும் பக்கத்துக்கு மட்டும் குழாய் வேண்டாம். உராய்வு உங்கள் உழைப்பைத் தின்றுவிடும். அங்கே செயினைத் தாங்க, மூடிய பேரிங் வைத்த உருளையே சரி, காசை அதில் போடுங்கள்.

வாரம் ஒருமுறை செயினைத் துடைக்க வேண்டும். நம் பகுதியில் பல கிணறுகளின் நீரே உவர் என்பதால், அந்த நீரில் கழுவுவது உப்பை இன்னும் ஏற்றுவதாகும். குடிநீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்தபின் தையல் இயந்திர எண்ணெய் விட்டு, வெளிப்புறத்தில் மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். நடுச்சட்டத்தின் உட்புறத்திலும் எண்ணெய் ஊற்றிச் சுழற்றி வடித்துவிடுங்கள், ஏனெனில் சதுரக் குழாய் உள்ளிருந்துதான் அரிக்கும்.

கால் பெடலிலிருந்து நழுவினால் தரையில் பட்டு வண்டிக்கு அடியில் இழுபடும். பழைய டியூபை வெட்டிக் குதிகாலைத் தாங்கும் பட்டை செய்துகொள்ளுங்கள். அடுத்தது கொடி. பேருந்து ஓட்டுநரின் கண்ணுக்கு நீங்கள் தெரிவதில்லை. வலை மிதவைக்குக் கட்டும் மூங்கில் கொடி ஒன்றை இருக்கைக்குப் பின்னால் கட்டுங்கள். அதுவன்றிப் பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறாதீர்கள். கார்களை நிறுத்தி வேடிக்கை பார்ப்பவர்கள் கதவைத் திறக்கும் உயரத்தில்தான் உங்கள் தலை இருக்கும். மழை நாளில் பாலத்தின் இரும்பு இணைப்புகளைச் சிறிய முன்சக்கரம் கோணலாகக் கடந்தால் வழுக்கும். ஏறியே ஆக வேண்டுமென்றால் அவற்றை நேராகக் கடக்க வேண்டும்.

உச்சிப்புளிவாசி எழுதியது:

பதில் எழுதிய மூவருக்கும் நன்றி. இருக்கையை ஏழு சென்டிமீட்டர் முன்னால் நகர்த்திவிட்டேன்; வெல்டிங் பட்டறைக்காரருக்குத்தான் சற்று வருத்தம். 36 பல் கிராங்க் பழைய சாமான் கடையில் கிடைத்தது. நேற்று எதிர்காற்றில் இறங்காமலே இராமநாதபுரம் போய்ச் சேர்ந்தேன், மெதுவாகத்தான். நைலான் நாடாவை அம்மாவே பின்னித் தந்தார். எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. ஒரே ஒரு சந்தேகம்: சொட்டுநீர்க் குழாயின் பின்வாயில் செயின் உரசி ஓயாமல் சத்தம் போடுகிறது. இது தேய்ந்து சரியாகுமா?

தென்கடல் எழுதியது:

சரியாகாது, குழாய்தான் அறுந்து போகும். நுனியை மெழுகுவர்த்தியில் இலேசாகச் சூடாக்கிப் புனல் போல விரித்துவிடுங்கள். ஒரு நுனியை மட்டும் சட்டத்தோடு கட்டி, மறுநுனி செயினோடு சேர்ந்து அசையுமாறு விடுங்கள். சத்தம் நின்றுவிடும்.