37 டிகிரியில் அரை மணி நேரம் இருந்த ஈஸ்ட் 50 டிகிரியைத் தாங்குவது எப்படி?

வினா: நுண்ணோக்கி

வணக்கம். நான் உயிர்வேதியியலில் முதுகலை பயில்கிறேன். செல்களின் வெப்பத் தாங்குதிறன் பற்றிய பழைய சோதனை ஒன்றை அண்மையில் நானே செய்து பார்த்தேன். 25 டிகிரி செல்சியசில் வளர்ந்துகொண்டிருந்த ஈஸ்ட் கல்ச்சரை இரண்டு குழாய்களில் பிரித்து, ஒன்றை நேரடியாக 50 டிகிரி வாட்டர் பாத்தில் 10 நிமிடம் வைத்தேன். மற்றொன்றை 37 டிகிரியில் 30 நிமிடம் வைத்த பிறகே அதே 50 டிகிரிக்கு மாற்றினேன். பிறகு இரண்டையும் பனிக்கட்டியில் குளிர்வித்து, பத்துப் பத்து மடங்காக நீர்த்து, அகார் தட்டில் சொட்டுச் சொட்டாக வைத்தேன். இரண்டு நாள் கழித்துத் தட்டைத் திறந்தபோது, நேரடியாகச் சூடேற்றிய வரிசையின் முதல் சொட்டில் மட்டும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில வெண்புள்ளிகள் இருந்தன. முன்சூடு பெற்ற வரிசையிலோ நான்காம் சொட்டு வரை வளர்ச்சி தெரிந்தது.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. முதலாவது, வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் மற்ற புரதங்கள் குலையாமல் காக்கின்றன என்றுதான் பாடத்தில் படித்தேன். ஆனால் ஒரு செல்லுக்குள் இருக்கும் அத்தனை புரதங்களையும் 50 டிகிரியில் தாங்கிப் பிடிக்கும் அளவுக்கு, வெறும் அரை மணி நேரத்தில் அவற்றை உற்பத்தி செய்ய முடியுமா? இரண்டாவது, சென்ற வாரம் இதே சோதனையை மீண்டும் செய்தபோது வேறுபாடே தெரியவில்லை. முன்சூடு பெறாத வரிசையும் ஏறக்குறைய அதே அளவு வளர்ந்துவிட்டது. அதே ஈஸ்ட் வகை, அதே வாட்டர் பாத், வெப்பமானியையும் சரிபார்த்துவிட்டேன். இம்முறை முதல்நாள் மாலை ஷேக்கரில் வைத்த கல்ச்சரை மறுநாள் காலை அப்படியே எடுத்துப் பயன்படுத்தினேன் என்பது மட்டுமே மாற்றம். தவறு எங்கே நேர்ந்திருக்கும்?

மறுமொழி 1: தெளிவோடை

37 டிகிரியில் வலுவற்ற செல்கள் இறந்து, இயல்பிலேயே வெப்பத்தைத் தாங்கக்கூடியவை மட்டும் எஞ்சியிருக்கலாம் அல்லவா? அப்படியானால் இதைத் தேர்வு என்று சொல்லலாமே தவிர, செல்லின் எதிர்வினை என்று சொல்ல வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

மறுமொழி 2: இழைமடிப்பு

தெளிவோடை அவர்களின் ஐயம் நியாயமானது; ஆனால் இங்கே அது பொருந்தாது. ஈஸ்ட் 37 டிகிரியில் இறப்பதில்லை. வளர்ச்சி சற்று நேரம் தயங்கும், பிறகு தொடரும். இறப்பே இல்லாத இடத்தில் தேர்வு நிகழ வழியில்லை. பிழைத்த புள்ளிகளில் ஒன்றை எடுத்து, 25 டிகிரியில் மீண்டும் வளர்த்து, நேரடியாக 50 டிகிரியில் வைத்தால் அதன் வழித்தோன்றல்கள் முன்போலவே மடியும். தாங்குதிறன் மரபணுவில் எழுதப்பட்ட மாற்றமாக இருந்தால் இப்படி மறைந்துபோகாது.

இனி நுண்ணோக்கியின் முதல் ஐயத்துக்கு வருகிறேன். அதில் உள்ள கணக்கு சரி. பாடத்தின் வாசகம்தான் பாதி உண்மை. மடிந்த நிலையில் இருக்கும் ஒரு புரதம் நாம் நினைப்பது போல் இறுக்கமான பொருள் அல்ல. மடிந்த நிலைக்கும் விரிந்த நிலைக்கும் இடையிலான ஆற்றல் வேறுபாடு பொதுவாக ஒரு மோலுக்கு 5 முதல் 15 கிலோகலோரி வரைதான். சில ஹைட்ரஜன் பிணைப்புகளின் மதிப்புதான் அது. ஆகவே சில டிகிரி கூடினாலே நிலைத்தன்மை குறைந்த புரதங்கள் குலையத் தொடங்குகின்றன. குலைவதோடு நின்றுவிட்டால் பெரிய கேடில்லை. கிறிஸ்டியன் ஆன்ஃபின்சன் ரைபோநியூக்ளியேஸ் நொதியை முழுதும் விரித்துவிட்டு, அது தானாகவே மீண்டும் மடிந்து வேலை செய்வதைக் காட்டி, 1972ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஆனால் அவர் செய்தது நீர்த்த கரைசலில். செல்லின் உட்புறத்தில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 300 கிராம் புரதம் நெருக்கியடித்துக்கொண்டிருக்கிறது. இயல்பாக உள்ளே மறைந்திருக்கும் நீர்வெறுக்கும் பகுதிகள் குலைந்த புரதத்தில் வெளியே தெரியத் தொடங்கியதும், அக்கம்பக்கத்தில் அதே நிலையில் இருக்கும் இன்னொரு புரதத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. அதனோடு மற்றொன்று ஒட்டுகிறது. கடைசியில் தானாகப் பிரிய முடியாத ஒரு திரள் உருவாகிறது. செல்லைக் கொல்வது பெரும்பாலும் இந்தத் திரட்சியே என்பது என் கருத்து.

இப்போது சோதனைக்குத் திரும்புவோம். ஈஸ்டில் முன்சூட்டின் பயனை முக்கியமாகத் தருவது எச்.எஸ்.பி.104 என்ற ஒரே வெப்ப அதிர்ச்சிப் புரதம் என்பதை சூசன் லிண்ட்குவிஸ்ட்டின் குழு 1990இல் காட்டியது. இந்த மரபணுவை நீக்கிய ஈஸ்ட், 25 டிகிரியிலும் 37 டிகிரியிலும் குறையின்றி வளர்கிறது. ஆனால் 37 டிகிரியில் எவ்வளவு நேரம் பழக்கினாலும், 50 டிகிரியில் அதற்குப் பெரிய பயன் கிடைப்பதில்லை. 1994இல் அதே குழு வெளியிட்ட முடிவுதான் உங்கள் வினாவுக்கு நேர்விடை. ஒளிதரும் நொதியான லூசிஃபெரேசைச் செல்லுக்குள் வைத்து, சூடேற்றி, அதன் செயல்பாட்டை அளந்தார்கள். வெப்பத்தின்போது அந்த நொதி, எச்.எஸ்.பி.104 உள்ள செல்லிலும் இல்லாத செல்லிலும் ஒரே மாதிரிதான் செயலிழந்தது, இரண்டிலும் திரண்டது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோதும் இரண்டு வகைச் செல்களிலும் கருமையான திரள்கள் தெரிந்தன. செல்களைக் குளிர்ந்த வெப்பநிலைக்குத் திருப்பிய பிறகே வேறுபாடு தென்பட்டது: எச்.எஸ்.பி.104 உள்ள செல்லில் சில மணி நேரத்தில் திரள்கள் கரைந்து நொதி மீண்டும் வேலை செய்தது. இல்லாத செல்லில் அவை அப்படியே கிடந்தன.

ஆகவே முன்சூடு பெற்ற உங்கள் செல்களிலும் 50 டிகிரியில் புரதங்கள் குலைந்துதான் இருக்கும். அவை பிழைத்தது, சேதம் நேராததால் அல்ல. நேர்ந்த சேதத்தைப் பிற்பாடு சரிசெய்யும் கருவி முன்கூட்டியே கையில் இருந்ததால். அரை மணி நேர உற்பத்தி போதுமா என்ற கேள்விக்கும் இதுவே பதில். தாங்கிப் பிடிப்பதென்றால் குலையும் புரத மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் ஒரு காவலர் வேண்டும். பிரித்தெடுப்பதற்கு அத்தனை பேர் வேண்டியதில்லை. ஒரே கருவி, செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யைச் செலவழித்து, அடுத்தடுத்து நூற்றுக்கணக்கான புரத இழைகளைக் கையாளலாம். எச்.எஸ்.பி.104இன் ஆறு மூலக்கூறுகள் சேர்ந்து நடுவில் துளையுள்ள ஒரு வளையமாகின்றன. துணைப் புரதங்களான எச்.எஸ்.பி.70உம் எச்.எஸ்.பி.40உம் திரளிலிருந்து ஓர் இழையின் முனையை அதனிடம் சேர்க்க, வளையம் அந்த இழையைத் துளை வழியே இழுத்து மறுபுறம் விடுகிறது. வெளியே வந்த இழை மீண்டும் மடிய இரண்டாவது வாய்ப்பைப் பெறுகிறது. சிக்கிய நூற்கண்டில் ஒரு நுனியைத் தேடிப் பிடித்துவிட்டால் மற்றது எளிது என்பது போலத்தான்.

முன்தடுப்புக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. சிறிய வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் குலைந்தவற்றோடு கலந்து, திரள் கெட்டிப்படாமல் பார்த்துக்கொள்கின்றன. டிரெஹலோஸ் என்ற சர்க்கரையும் முன்சூட்டின்போது செல்லுக்குள் சேர்ந்து புரதங்களை ஓரளவு நிலைப்படுத்துகிறது. புரத உற்பத்தியை சைக்ளோஹெக்சிமைடால் நிறுத்தினாலும் தாங்குதிறனில் ஒரு பகுதி எஞ்சுவதாகப் பழைய ஆய்வுகள் சொல்வதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

மறுமொழி 3: ஆய்வகவாசி

இரண்டாவது ஐயத்துக்கு நான் விடையளிக்கிறேன், ஏனெனில் இதே குழியில் நானும் ஒருமுறை விழுந்திருக்கிறேன். உங்கள் வாட்டர் பாத்தில் குறையில்லை. கல்ச்சரின் வயதுதான் மாறிவிட்டது. இரவு முழுவதும் ஷேக்கரில் இருந்த ஈஸ்ட் குளுக்கோசைத் தின்று தீர்த்து, வளர்ச்சி ஓய்ந்த கட்டத்துக்குப் போயிருக்கும். குளுக்கோஸ் தீர்ந்தவுடன் எம்.எஸ்.என்.2, எம்.எஸ்.என்.4 ஆகிய இரண்டு கட்டுப்பாட்டுப் புரதங்கள் செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து, நெருக்கடிக்கான மரபணுக்களை இயக்குகின்றன. எச்.எஸ்.பி.104இன் மரபணுவும், டிரெஹலோஸ் உற்பத்திக்கான மரபணுக்களும் அவற்றுள் அடங்கும். அதாவது 37 டிகிரியைப் பார்க்காமலேயே உங்கள் செல்கள் முன்சூடு பெற்ற நிலையில் இருந்தன. அடுத்த முறை இரவுக் கல்ச்சரைப் புதிய வளர்ப்பு ஊடகத்தில் நன்றாக நீர்த்து, குறைந்தது இரண்டு மூன்று பெருக்கங்கள் ஆன பிறகு, ஓ.டி. (செல் அடர்த்தியைக் காட்டும் கலங்கல் அளவு) 0.2க்கும் 0.5க்கும் இடையில் இருக்கும்போது எடுங்கள். ஊடகத்தில் குளுக்கோஸ் இருப்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்; அசிட்டேட்டில் வளரும் ஈஸ்ட், வளர்ந்துகொண்டிருக்கும்போதே எச்.எஸ்.பி.104ஐக் கணிசமாக வைத்திருக்கும்.

நுண்ணோக்கி

இருவருக்கும் மிக்க நன்றி. முதல் சோதனையில் நான் காலையில் நீர்த்து, நண்பகலில் எடுத்தது நினைவுக்கு வருகிறது. ஆய்வகவாசி அவர்களின் விளக்கம் முழுதும் பொருந்துகிறது. ஆனால் இதிலிருந்து இரண்டு கேள்விகள் பிறக்கின்றன. குளுக்கோஸ் தீர்ந்தால் முன்கூட்டியே தயாராகும் செல், ஏன் எப்போதுமே தயாராக இருப்பதில்லை? 37 டிகிரி வந்துவிட்டது என்பதைச் செல் எதைக் கொண்டு அறிகிறது?

மறுமொழி 4: இழைமடிப்பு

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். செல் பெரும்பாலும் வெப்பத்தை அளப்பதில்லை. அதன் விளைவான குலைந்த புரதத்தைத்தான் அளக்கிறது. இந்தத் துறை பிறந்த கதையிலேயே இதற்கான குறிப்பு இருக்கிறது. ஃபெருச்சியோ ரிட்டோசா பழ ஈக்களின் உமிழ்நீர்ச் சுரப்பிக் குரோமோசோம்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, உடன் பணிபுரிந்த ஒருவர் இன்குபேட்டரின் வெப்பத்தைக் கூட்டிவிட்டார். வழக்கமாகப் புடைக்காத இடங்களில் குரோமோசோம்கள் புடைத்திருந்தன. அதாவது புதிய மரபணுக்கள் அங்கே இயங்கத் தொடங்கியிருந்தன. 1962இல் வெளியான அந்தக் கட்டுரையிலேயே, சூடு இல்லாமல் டைநைட்ரோபீனால், சோடியம் சாலிசிலேட் ஆகிய வேதிப்பொருள்களும் அதே புடைப்புகளை உண்டாக்குவதை அவர் பதிவு செய்தார். அம்மரபணுக்கள் உண்டாக்கும் புரதங்கள் 1974இல்தான் அடையாளம் காணப்பட்டன. 'வெப்ப அதிர்ச்சி' என்ற பெயர் அந்த விபத்தின் நினைவாக ஒட்டிக்கொண்டது. என்னைக் கேட்டால் அது இன்றுவரை மாணவர்களைத் திசைதிருப்பும் பெயர்.

தவளையின் முட்டைச் செல்லுக்குள் குலைந்த புரதத்தை ஊசிவழி செலுத்தினால், வெப்பமே இல்லாமல் வெப்ப அதிர்ச்சி மரபணு இயங்குவதை 1986இல் காட்டினார்கள். இதற்கான விளக்கம் எளிமையானது. எச்.எஸ்.எஃப்.1 என்ற கட்டுப்பாட்டுப் புரதத்தை, இயல்பு நேரத்தில் எச்.எஸ்.பி.70 போன்ற சாப்பரோன்கள் (மற்ற புரதங்கள் சரியாக மடிய உதவும் புரதங்கள்) பற்றிக்கொண்டு அடக்கி வைத்திருக்கின்றன. குலைந்த புரதங்கள் பெருகினால் சாப்பரோன்கள் அவற்றின் பக்கம் போய்விடுகின்றன. கையிலிருந்து நழுவிய எச்.எஸ்.எஃப்.1 மரபணுக்களை இயக்குகிறது. போதிய சாப்பரோன்கள் உருவாகி, வேலையும் குறைந்துவிட்டால், மிச்சமிருப்பவை அதை மீண்டும் பற்றிக்கொள்கின்றன. ஒரே மூலக்கூறு தேவையையும் அளக்கிறது, தேவையையும் தீர்க்கிறது. செல்லியலில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடுகளில் இது ஒன்று.

எப்போதும் தயாராக இருந்தால் என்ன என்ற கேள்விக்கு, செலவைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. பழ ஈயின் செல்களை இயல்பு வெப்பத்திலேயே எச்.எஸ்.பி.70ஐ உற்பத்தி செய்யும்படி கட்டாயப்படுத்தியபோது, அவை பெருகுவதை நிறுத்தின; அந்தப் புரதத்தை ஓரமாகச் சிறு மணிகளாகத் திரட்டி ஒதுக்கிய பிறகே பெருக்கம் மீண்டது. மடிந்துகொண்டிருக்கும் நல்ல புரதத்தையும் சாப்பரோன் பற்றும். தேவைக்கு மேல் இருந்தால் அதை விடாமல் தொங்கிக்கொண்டிருக்கும். மேலும், எச்.எஸ்.எஃப்.1 இல்லாத எலிகளில் புற்றுக்கட்டிகள் குறைவாகவே தோன்றுவதாக 2007இல் கண்டறிந்தார்கள். நெருக்கடியைத் தாங்க உதவும் ஏற்பாடு, தாங்கக் கூடாத செல்லையும் தாங்கிவிடுகிறது.

மறுமொழி 5: ஆய்வகவாசி

நுண்ணோக்கி சோதனையைத் தொடர்வதாக இருந்தால், மரபணு நீக்கிய வகை கைவசம் இல்லாவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. சில மில்லிமோலார் அளவில் குவானிடின் ஹைட்ரோகுளோரைடு எச்.எஸ்.பி.104இன் ஏ.டி.பி. செலவைத் தடுக்கிறது, 3 முதல் 5 மில்லிமோலார் போதும். (6 மோலாரில் இதே பொருள்தான் புரதங்களை விரிக்கப் பயன்படுகிறது, பாட்டிலின் மேல் ஒட்டியிருக்கும் செறிவை இரண்டு முறை படியுங்கள்.) முன்சூடு பெற்ற ஒரே கல்ச்சரை, 50 டிகிரிக்குப் பிறகு இரண்டு தட்டுகளில் வைத்துப் பாருங்கள்: ஒன்றில் குவானிடின் கலந்த அகார், மற்றொன்றில் சாதாரண அகார். வெப்பத்தின்போது குவானிடின் இல்லை. மீளும்போது மட்டுமே இருக்கிறது. இழைமடிப்பு சொல்வது போல எச்.எஸ்.பி.104இன் வேலை பிற்பாடுதான் என்றால், குவானிடின் தட்டில் புள்ளிகள் குறைய வேண்டும். குவானிடின் தனியாகவே வளர்ச்சியைச் சற்று மந்தப்படுத்தும் என்பதால், சூடேற்றாத செல்களையும் அதே தட்டின் ஓரத்தில் ஒரு வரிசை வைக்க மறக்காதீர்கள். தட்டை இரண்டாம் நாளோடு மூடிவிடாமல் மூன்றாம், நான்காம் நாளும் எண்ணுங்கள்.

நுண்ணோக்கி

குவானிடின் இருப்பில் இருக்கிறது. நாளை காலை கல்ச்சரை நீர்த்து, ஓ.டி. 0.3இல் எடுக்கிறேன், எண்ணிக்கை கிடைத்ததும் தட்டின் படத்தோடு இதே இழையில் பதிவிடுகிறேன்.