தனியாக வாழ்பவரின் மனச்சோர்வு: மாலைப் பொழுதுகளைக் கடக்க வழி கேட்கிறேன்

எனக்கு வயது 41; திருமணம் ஆகவில்லை, தனியாக வசிக்கிறேன். 7 மாதங்களுக்கு முன் விடியற்காலை 4 மணிக்கே விழிப்பு வரத் தொடங்கியது, பசி குறைந்தது, முன்பு விரும்பிச் செய்த எதிலும் மனம் ஒட்டவில்லை. தைராய்டு, வைட்டமின் பி12 பரிசோதனைகளில் குறை எதுவும் இல்லை. மிதமான மனச்சோர்வு என்று கூறிய மனநல மருத்துவர் செர்ட்ரலின் என்னும் மனச்சோர்வு மருந்தை 50 மில்லிகிராம் அளவில் கொடுத்தார்; இவ்வகை மருந்துகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும் என்பதால் பொறுத்திருந்தேன், இப்போது 10ஆவது வாரத்தில் தூக்கமும் பசியும் தேறியுள்ளன. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இல்லை.

தீராதது தனிமைதான். அலுவலகத்தில் பேச ஆட்கள் உண்டு. ஆனால் மாலை 7 மணிக்குக் கதவைத் திறந்து உள்ளே வந்தது முதல் மறுநாள் காலை வரை யாரிடமும் ஒரு சொல் பேசுவதில்லை, விடுமுறை வந்தால் அந்த மௌனம் 2 முழு நாட்களுக்கு நீள்கிறது. நடைப்பயிற்சி, நூலகம், உளவியல் ஆலோசனை மூன்றையும் தொடர்கிறேன். குடும்பத்தோடு இருக்கும் நண்பர்களை அழைக்கத் தயங்குகிறேன். அந்தத் தயக்கமே நோயின் ஒரு கூறு என்று ஆலோசகர் சொல்வதை ஏற்றுக்கொண்டும், தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டு மீண்டும் வைத்துவிடுகிறேன்.

தனியாக வாழ்ந்தபடியே இந்நிலையைக் கடந்தவர்கள், வாரந்தோறும் தவறாமல் மனிதர்களைச் சந்திக்கும் பழக்கத்தை எப்படித் தொடங்கினீர்கள்?