எளிமையா எழுதினா "சின்ன கம்பெனி மாதிரி இருக்கு"ங்கிறாரு மேனேஜர், என்ன பண்றது?

கீபோர்டு_கிறுக்கன்:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு சாஃப்ட்வேர் கம்பெனில கன்டென்ட் எழுதுறேன், சேர்ந்து நாலு மாசம்தான் ஆகுது. எங்க ப்ராடக்ட் கடைக்காரங்க ஸ்டாக் பாத்துக்கிறதுக்கானது. வெப்சைட்ல முதல் வரி இப்ப இப்படி இருக்கு: "வளரும் வணிகங்களுக்கான எண்ட்-டு-எண்ட், ஸ்கேலபிள், ஏஐ சார்ந்த இன்வென்டரி ஆப்டிமைசேஷன் சொல்யூஷன்". இதை தூக்கிட்டு "சரக்கு தீர்றதுக்கு முன்னாடியே உங்க போனுக்கு மெசேஜ் வந்துடும்"னு எழுதிக் குடுத்தேன். மேனேஜர் படிச்சுட்டு நல்லாதான் இருக்கு, ஆனா ரொம்ப சாதாரணமா இருக்கே, நம்மள சின்ன கம்பெனின்னு நெனச்சிடுவாங்கன்னுட்டாரு. (நாங்க சின்ன கம்பெனிதான், அது வேற விஷயம்.) போட்டி கம்பெனிங்க வெப்சைட் நாலஞ்சு திறந்து காட்டுனாரு, எல்லாத்துலயும் அதே வார்த்தைங்க, லோகோவ கைய வச்சு மறைச்சா எது யாரோடதுன்னே தெரியாது. அவர் சொல்றதுலயும் ஏதாவது நியாயம் இருக்கா, இல்ல நான் பிடிவாதம் பிடிக்கலாமா?

சேல்ஸ்_பழம்:
பிடிவாதம் பிடிங்க ப்ரோ, ஆனா "எளிமைதான் அழகு"ன்னு லெக்சர் குடுக்காதீங்க, எந்த மேனேஜரும் அதுக்கு மசிய மாட்டாரு. கஸ்டமர் பேசுனத காட்டுங்க. சப்போர்ட்டுக்கு வர்ற மெயில், கால் ரெக்கார்டிங், ரிவ்யூ எல்லாத்தையும் உக்காந்து படிச்சு அவங்க சொன்ன வார்த்தைய அப்படியே எழுதி வைங்க. நான் இத்தனை வருஷத்துல ஒருத்தர் கூட "எனக்கு ஆப்டிமைசேஷன் வேணும்"னு போன் பண்ணி கேட்டு பாத்ததில்ல. "கம்ப்யூட்டர்ல இருபது இருக்குன்னு காட்டுது, போய் பாத்தா ரெண்டுதான் இருக்கு"ன்னுதான் புலம்புவாங்க. கூகுள்ல தேடும்போதும் அந்தப் புலம்பலத்தான் டைப் பண்ணுவாங்க, அந்த வார்த்தை உங்க பக்கத்துல இல்லன்னா உங்கள எப்படி கண்டுபிடிப்பாங்க சொல்லுங்க.

அப்புறம் அந்த "சாதாரணமா இருக்கு"ங்கிறதுக்கு ஒரு பதில் இருக்கு. பிரின்ஸ்டன்ல இருந்த டேனியல் ஓப்பன்ஹைமர்னு ஒரு சைக்காலஜி ஆளு இதையே சோதிச்சு பாத்து 2006ல பேப்பர் போட்டாரு. தேவையில்லாம பெரிய வார்த்தைய திணிச்ச எழுத்தை படிச்சவங்க, எழுதுனவரோட புத்திசாலித்தனத்துக்கு குறைச்சலாத்தான் மார்க் போட்டாங்க. அந்த பேப்பருக்கு தலைப்பே வேணும்னு வாயில நுழையாத மாதிரி வச்சிருப்பாரு, சிரிக்க வச்சு யோசிக்க வைக்கிற ஆராய்ச்சிக்கு குடுக்கிற இக் நோபல் பரிசும் வாங்குச்சு. உங்க மேனேஜருக்கு அனுப்பி விடுங்க 😄

பின்கதவு_டெவ்:
நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் நிக்கிறேன், திட்டாதீங்க. சாஃப்ட்வேர் வாங்கலாமா வேணாமான்னு பாக்குற வேலை எங்க ஆபீஸ்ல என்கிட்டதான் வரும். "உங்க டேட்டா பத்திரமா இருக்கும்"னு மட்டும் எளிமையா எழுதியிருந்தா எனக்கு கோவம்தான் வரும். ஏஇஎஸ்-256ங்கிற முறைல டேட்டாவ என்கிரிப்ட் பண்றீங்களா (பூட்டி வைக்கிறீங்களா), மத்த சாஃப்ட்வேரோட இணைக்க ஏபிஐ இருக்கா, ஒரே லாகின்ல எல்லாத்துக்குள்ளயும் போற சிங்கிள் சைன்-ஆன் இருக்கா, இதெல்லாம் எனக்கு தெரியணும். "ராணுவ தர பாதுகாப்பு"ன்னு எவனாவது எழுதியிருந்தா டேபை மூடிட்டு போயிடுவேன். அதுல இருக்கிற ஒவ்வொரு வார்த்தையும் எல்லாருக்கும் புரியும், ஆனா விஷயம் பூஜ்யம். அதனால ஜார்கன்னு (துறைக்காரங்களுக்கு மட்டும் புரியுற வார்த்தைன்னு) மொத்தமா எல்லாத்தையும் அடிக்காதீங்க. ஏஇஎஸ்-256ங்கிறத சரியா தப்பான்னு செக் பண்ணலாம், "ஸீம்லெஸ்"ங்கிறத எத வச்சு செக் பண்றது? முதல் பக்கம் கடைக்காரருக்கு, உள்ள ஒரு டெக்னிக்கல் பக்கம் என்னை மாதிரி ஆளுங்களுக்குன்னு பிரிச்சிடுங்க.

எல்லாரும் ஐபாட் உதாரணம் சொல்லுவாங்கல்ல, 2001ல "பாக்கெட்ல 1,000 பாட்டு"ன்னாங்களே அது. ஆனா 5 ஜிபி ஹார்ட் டிஸ்க்குங்கிற விவரத்தையும் கூடவே சொல்லித்தான் வித்தாங்க, எத முன்னாடி வச்சாங்கங்கிறதுலதான் விஷயமே இருக்கு.

வரிக்குவரி:
மொழிபெயர்ப்பு வேலைல இருக்கேன், என் பங்குக்கு ஒரு புலம்பல். நம்ம ஆளுங்க ஜார்கனை எடுத்துட்டோம்னு சொல்லிட்டு அதையே தமிழ்ல மாத்தி வைப்பாங்க. "சொல்யூஷன்" போய் "தீர்வுகள்" வரும், "எம்பவர்" போய் "உங்கள் வணிகத்தை வலுவூட்டுங்கள்" வரும். என்ன பிரச்சனைக்கு தீர்வுன்னு யாரும் சொல்றதில்ல. "நிகழ்நேரத் தரவு"ன்னு எழுதுறதுக்கு பதிலா "பில் போட்ட உடனே கணக்குல குறைஞ்சிடும்"னு எழுதுனா முடிஞ்சுது. தமிழா இங்கிலீஷாங்கிற சண்டையே இங்க தேவையில்ல, ஸ்டாக்னா எல்லாருக்கும் புரியுது, "இருப்பு மேலாண்மை"ன்னா ஒரு நிமிஷம் யோசிக்கணும்.

இன்னொன்னு, ரீடபிலிட்டி ஸ்கோர் (படிக்க எவ்வளவு சுலபம்ங்கிற மார்க்) காட்டுற டூல்ல போட்டு பாக்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அதுல பலதுக்கு அடிப்படை 1948ல ருடால்ஃப் ஃப்ளெஷ் குடுத்த ஃபார்முலா மாதிரி இங்கிலீஷுக்குன்னு பண்ணது, வாக்கியத்துல எத்தனை வார்த்தை, வார்த்தைல எத்தனை அசைன்னு எண்ணும். நம்ம "வந்துட்டிருந்தவங்களுக்கெல்லாம்" ஒரே வார்த்தை, அதுக்கு தலை சுத்திடும். நான் பண்றது, வாய்விட்டு படிப்பேன், எந்த இடத்துல மேடைப்பேச்சு குரல் வருதோ அங்க அடிச்சிடுவேன்.

சேல்ஸ்_பழம்:
@பின்கதவு_டெவ் நியாயம்தான். ஆனா உங்கள மாதிரி ஆளுங்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கு பாஸ். ஸ்டான்ஃபோர்ட்ல 1990ல எலிசபெத் நியூட்டன் பண்ண சோதனை, ஒருத்தர் தெரிஞ்ச பாட்டோட தாளத்த மேஜைல தட்டணும், எதிர்ல இருக்கிறவர் என்ன பாட்டுன்னு சொல்லணும். தட்டுனவங்க பாதி பேராவது கண்டுபிடிச்சிடுவாங்கன்னு நெனச்சாங்க, 120 பாட்டுல 3தான் சரியா வந்துச்சு. தட்டுறவன் காதுல பாட்டு ஓடுது, கேக்குறவனுக்கு வெறும் டக் டக். ப்ராடக்ட்ட கட்டுனவங்க எழுதுற வெப்சைட் எல்லாம் அந்த டக் டக்தான்.

கீபோர்டு_கிறுக்கன்:
அப்டேட் போட வந்தேன், ரெண்டு வாரம் ஆச்சு. வரிக்குவரி சொன்ன மாதிரி அந்த பழைய வரிய மீட்டிங்ல வாய்விட்டு படிச்சேன், படிச்சுட்டு ஒவ்வொரு வார்த்தைக்கும் "அப்படின்னா என்ன"ன்னு கேட்டேன். "எண்ட்-டு-எண்ட்"னா எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு மூணு பேர் மூணு விதமா சொன்னாங்க. "ஸ்கேலபிள்" வந்தப்பதான் வேடிக்கை, மேனேஜர் எத்தனை கிளை வேணா சேத்துக்கலாம்னு அர்த்தம்ங்கிறாரு, மூலைல உக்காந்திருந்த டெவலப்பர் மெதுவா கைய தூக்கி நாலாவது கிளை சேத்தா ரிப்போர்ட் தொங்கிடுது சார்ங்கிறாரு. ரெண்டு வருஷமா அந்த வார்த்தை அங்க இருக்கு, யாருமே கேக்கல.

இப்ப முதல் வரி என்னோடது. "ஸ்கேலபிள்" போயிடுச்சு, அதுக்கு பதிலா "மூணு கிளை வரைக்கும்"னு போட்டிருக்கோம், அந்த பக் சரியான உடனே மாத்திக்கலாம்னு பேசியிருக்கோம். டெவ் சொன்ன டெக்னிக்கல் பக்கமும் தயாராகுது. "ஏஐ"ய மட்டும் மேனேஜர் விட மாட்டேங்கிறாரு.

பின்கதவு_டெவ்:
அந்த ஏஐ உள்ள என்னதான் பண்ணுது?

கீபோர்டு_கிறுக்கன்:
போன மாச விற்பனைக்கு சராசரி போடுது 🙂