காட்பாடில இருந்து ஒரு நாள்ல பழைய கோயில், குகை பாக்க எந்த ரூட் நல்லது?

ஃப்ரெண்டும் நானும் ஞாயித்துக்கிழமை பைக்ல கிளம்பறோம், வேலூர் கோட்டை, ஜலகண்டேஸ்வரர்லாம் பாத்தாச்சு, கூட்டம் இல்லாத கிராமத்துப் பக்கம் சோழர் பல்லவர் காலத்து இடமா வேணும், இருட்டறதுக்குள்ள திரும்பிடணும். எங்க போலாம்?

பதில்:
ப்ரோ, திருவலம் வில்வநாதேஸ்வரரைப் பாத்துட்டு நேரா மேல்பாடி போங்க. ராஜராஜன் தன் தாத்தா அரிஞ்சயனுக்காகக் கட்டின பள்ளிப்படை, அதாவது இறந்த ராஜா நினைவா எழுப்பின கோயில், அங்கதான் இருக்கு, சின்னக் கல் கோயில்தான் ஆனா எனக்கு தஞ்சாவூரை விட இதுதான் மனசுக்கு நெருக்கம். காலைல வெயில் சாய்வா விழறப்ப சுவத்துல கல்வெட்டு எழுத்து ஒண்ணொண்ணா எழும்பித் தெரியும், அவசரப்படாம பாருங்க. அங்கிருந்து வள்ளிமலை பக்கம்தான், முருகன் கோயிலோட நிறைய பேர் திரும்பிடறாங்க, பாறைல செதுக்கின சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களை விட்றாதீங்க, கங்க மன்னன் ராசமல்லன் கல்வெட்டும் இருக்கு.

இன்னொரு பதில்:
பல்லவர்னா மகேந்திரவாடிதான். 7ஆம் நூற்றாண்டுல மகேந்திரவர்மன் ஒத்தப் பாறையைக் குடைஞ்சு பெருமாளுக்குக் கட்டின கோயில், அவன் வெட்டின ஏரியைப் பத்தியும் தூண் கல்வெட்டு சொல்லுது. ஆனா சோளிங்கர் பக்கம், அதை வேற நாள் வச்சுக்கோங்க. தயவுசெஞ்சு எழுத்து தெரியணும்னு கல்வெட்டு மேல மாவு, சாக்பீஸ் எதுவும் தேய்க்காதீங்க.

கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க, இந்த வாரம் மேல்பாடி வள்ளிமலை. மலை ஏறணும்னா தண்ணி கீழயே வாங்கிக்கணுமா?