சின்ன அறையில் சப்வூஃபர் லெவலை எங்கே நிறுத்துவது?

வணக்கம். 3.5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் உள்ள அறையில் இரண்டு சிறிய புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்களோடு ஒரு சப்வூஃபர் (பேஸ், அதாவது தாழ்ந்த ஒலிகளுக்கான தனி ஸ்பீக்கர்) சேர்த்திருக்கிறேன், கிராஸ்ஓவர் (அதற்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகும் எல்லை) 80 ஹெர்ட்ஸ். ஒரு வாரமாக லெவல் குமிழைத் திருப்பிக்கொண்டே இருக்கிறேன், ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் இடது பக்கம்) சரியாகக் கேட்கும்படி வைத்தால் பேஸ் கிட்டாரில் ஒரு சில சுரங்கள் மட்டும் அறையே அதிர்வதுபோல் வீங்குகின்றன, அதற்காகக் குறைத்தால் சப்வூஃபர் இருப்பதே தெரியவில்லை.

ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர், அதை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் 49 ஹெர்ட்ஸ் வருகிறது. வீங்கும் சுரங்களும் ஏறக்குறைய அங்கேதான். அப்படியானால் இது லெவல் பிரச்சினையே இல்லை, அறையின் ஒத்ததிர்வு (சுவர்களுக்கிடையே எதிரொலித்து ஒரு சில சுரங்கள் மட்டும் பெருகுவது) என்று நினைக்கிறேன். சப்வூஃபர் இப்போது மூலையில் இருக்கிறது, அது இதை இன்னும் கூட்டும் என்பதும் தெரியும்.

அப்புறம் ஃபேஸ் சுவிட்சை (சப்வூஃபரின் ஒலி அலையைத் தலைகீழாக்குவது) 0-வில் இருந்து 180 டிகிரிக்கு மாற்றினால் 80 ஹெர்ட்ஸ் பக்கம் பேஸ் கொஞ்சம் நிறைவாகக் கேட்கிறது, அதனால் அப்படியே விட்டிருக்கிறேன்.

நான் உட்காரும் இடத்தில் சப்வூஃபரை வைத்துவிட்டு, அறையைச் சுற்றி வந்து பேஸ் சீராகக் கேட்கும் இடத்தைத் தேடும் முறையைச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? இவ்வளவு சின்ன அறையில் அது பலன் தந்ததா, இல்லை அந்த 49 ஹெர்ட்ஸை ஈக்வலைசரில் குறைத்துவிட்டுத்தான் லெவல் வைக்க வேண்டுமா? எதை முதலில் செய்தீர்கள் என்று வரிசையாகச் சொன்னால் பெரிய உதவி.