ஓவர்டிராலபிள்: தடுப்பா, கடப்பா?

நண்பர்களுக்கு வணக்கம்.

எண்ணெய், எரிவாயு கொண்டுசெல்லும் கடலடிக் குழாய்களின் வால்வு, இணைப்பு ஆகியவற்றின் மேல் கவிழ்க்கப்படும் காப்புக்கூண்டுகளின் இயல்பைச் சொல்லும் ‘ஓவர்டிராலபிள்’ (overtrawlable) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘வலைதடுப்பு’ என்ற சொல் முன்வைக்கப்பட்டுள்ளது. சொல் சுருக்கமானது, நாவுக்கும் எளியது. ஆனால் பொருள் நேர்மாறாகிவிடுகிறது. அந்தக் கூண்டு இழுவைமடியை, அதாவது மீன்பிடிக் கப்பல் கடலடியில் இழுத்துச்செல்லும் பை போன்ற வலையை, நிறுத்துவதற்கானதன்று. மடி தன்மேல் ஏறி, எங்கும் மாட்டாமல் அப்பால் போய்விட வேண்டும் என்பதற்காகவே அதன் பக்கங்களைச் சரிவாக அமைத்து, துருத்தும் விளிம்புகள் இல்லாமல் பார்த்துக்கொள்கிறார்கள். நார்வேயின் எண்ணெய், எரிவாயுத் துறைக்கான நார்சோக் நெறிமுறை, மூலைகளின் சரிவு கிடைமட்டத்திலிருந்து 58 பாகையைத் தாண்டக் கூடாது என்கிறது. தடுப்பதுதான் நோக்கமென்றால் இந்தச் சரிவுக்கு வேலையே இல்லை.

‘இழுவலைக் காப்பு’ என்ற மாற்றிலும் ஓர் இடர் உண்டு. தீக்காப்பு தீயிடமிருந்து காப்பது. கண்காப்பு கண்ணைக் காப்பது. இழுவலைக் காப்பு இவற்றுள் எந்த வகை? கூண்டு உண்மையில் குழாய், மடி என இரு தரப்பையும் காக்கிறது என்றாலும், பொறியாளர் படிக்கும் வரைபடத்தில் அந்த இருபொருள் நிற்கக் கூடாது.

சொல்லை நிகழ்விலிருந்து, அதாவது மடி குழாயைச் சந்திக்கும்போது நடப்பதிலிருந்து, எடுப்பதே நல்லது. மடியின் வாயை விரித்து வைக்கும் பலகைகளில் பெரியவை சில டன் எடையுள்ளவை. இரட்டை மடிகளுக்கு நடுவே இழுபடும் எடைக்கட்டி அதனினும் கனமாக இருக்கலாம். பலகை குழாயைத் தொட்டதும் நொடியின் நூறில் சில பங்குக்குள் முதல் அடி விழுந்து முடிகிறது. அதைக் கான்கிரீட் பூச்சு பெரும்பாலும் வாங்கிக்கொள்ளும், பூச்சில்லாத எஃகு நசுங்கலாம். இதற்கு ‘மோதல்’ போதும். பிறகு பலகை குழாயில் முட்டி நிற்க, கப்பல் முன்னே போக, இழுகம்பி விறைத்துக் குழாயைப் பக்கவாட்டில் தள்ளி, இறுதியில் பலகை மேலேறிப் போகிறது. சில நொடிகள் நீளும் இந்தக் கட்டத்தை ஆங்கிலத்தில் ‘புல்ஓவர்’ என்பர். அகராதியை மட்டும் நம்பினால் கம்பளிச்சட்டை வந்து நிற்கும். ‘தாண்டல்’ என்றால் தொடாமல் குதிப்பது போலத் தோன்றுகிறது. ‘கடத்தல்’ என்ற சொல்லைக் கள்ளக்கடத்தல்காரர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள். எனவே ‘ஏறிக்கடப்பு’ என்கிறேன்.

மூன்றாவது, அரிதாக நிகழ்ந்தாலும் மிகக் கொடியது: பலகை குழாயின் அடியில் நுழைந்து இறுகிவிடுவது. ‘சிக்கல்’ என்றால் எந்தத் தொல்லையையும் குறிக்கும்; ‘செருகல்’ யாரோ வேண்டுமென்றே செய்தது போல ஒலிக்கிறது. ‘அடிக்கொளுவல்’ என்பதில் இடமும் வினையும் சேர்ந்தே வருகின்றன. 1997 மார்ச்சில் வட கடலில் ‘வெஸ்ட்ஹேவன்’ என்ற மீன்பிடிக் கப்பலின் மடி குழாயொன்றில் இப்படிக் கொளுவிக் கப்பல் கவிழ்ந்ததில் நால்வர் உயிரிழந்தனர். குழாய்க்கு வரும் சேதத்தை மட்டும் எண்ணிச் சொல்லாக்கினால் இந்தப் பக்கம் மறைந்துவிடும். ‘வலைதடுப்பு’ எனக்கு உறுத்துவதும் இதனால்தான். கடலடியில் மடியைத் தடுத்து நிறுத்துவது, மேலே இருக்கும் கப்பலை ஆபத்தில் மாட்டிவிடுவதாகும்.

ஆகவே ‘ஓவர்டிராலபிள்’ என்பதற்கு ‘மடிகடப்பு’ என்பதை முன்வைக்கிறேன்: மடிகடப்புக் கூண்டு, மடிகடப்புத் திறன், மடிகடப்புச் சோதனை. தனித்து நிற்கும் ‘மடி’ வேறு பொருள்களையும் தருமே என்று கேட்கலாம். மீன்பிடி பற்றிய நூலில் அந்தக் குழப்பம் எழாது, மேலும் இழுவைமடி என்பது செய்தித்தாள் வரை புழங்கும் சொல்.

குழாயைப் பள்ளத்தில் புதைப்பதற்கும் அதன்மேல் கல் கொட்டுவதற்கும் புதுச்சொல் தேவையில்லை; ‘குழிப்புதைப்பு’, ‘கல்மூடல்’ எனலாம். ஆனால் அடிமண் அரித்துப்போய்க் குழாய் தாங்கலின்றி நிற்கும் நீளத்துக்கு, அதாவது ‘ஃப்ரீ ஸ்பான்’ என்பதற்கு, ‘தனிவீச்சு’ என்று எழுதுவது பொருந்தவில்லை. பலகை நுழைவதற்கு வழிவிடுவது அந்த இடைவெளிதான் என்பதால், ‘தொங்கிடை’ என்பது பொருந்துமா எனப் பாருங்கள்.