உதவி: ஜிஞ்சர் பியர் போத்தலில் வாயு ஏறவே இல்லை

வாசுகி_வெள்ளவத்தை:
அவசரம். அத்தான் மெல்பேர்னிலிருந்து ஒரு ஜிஞ்சர் பியர் கிட், அதாவது இஞ்சிப் பாணியும் ஈஸ்டும் அடங்கிய பொதி, கொண்டுவந்து தந்தார். உள்ளே இருந்த தாளில் சொன்னபடியே எல்லாவற்றையும் செய்தேன். போத்தல்களில் ஊற்றிப் பல நாட்களாகிவிட்டன. திறந்தால் ஒரு சத்தமும் இல்லை, ஒரு குமிழும் இல்லை. இஞ்சிப் பாணி போல வெறுமனே இனிக்கிறது. சனிக்கிழமை மகனின் பிறந்தநாள். மிச்சமுள்ள போத்தல்களுக்குள் இன்னும் கொஞ்சம் ஈஸ்ட் போடலாமா?

கொட்டாஞ்சேனை_ரவி:
அக்கா, பல நாட்கள் என்றால் எத்தனை? கண்ணாடிப் போத்தலா, பிளாஸ்டிக்கா? மூடி புதியதா? எங்கே வைத்திருக்கிறீர்கள்? இவை தெரியும்வரை எதையும் போடாதீர்கள்.

தெளிந்தநீர்:
குழாய்த் தண்ணீரைப் பாவித்தீர்களா? கொழும்புக்கு அம்பத்தலையிலிருந்து வந்தாலும் லபுகமவிலிருந்து வந்தாலும் குளோரின் போட்டுத்தான் வருகிறது. கிருமியைக் கொல்லும் மருந்து ஈஸ்டை மட்டும் விட்டுவைக்குமா? கொதிக்க வைத்து ஆறவிட்ட தண்ணீரில்தான் இதைச் செய்ய வேண்டும். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

நொதிக்கூடம்:
இதே கேள்வி இங்கே திரும்பத் திரும்ப வருகிறது. பழைய இழைகளை வாசித்துவிட்டுக் கேட்பது நல்லது. ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) வாசிப்பு எங்கே? ஊற்றிய அன்று எவ்வளவு, இன்று எவ்வளவு? இந்த இரண்டு எண்களும் இருந்தால் சீனியை ஈஸ்ட் உண்டதா, அது அப்படியே கிடக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அளக்காமல் நொதிக்கவைப்பவர்களுக்கு உதவுவது கடினம்.

குழாய்த் தண்ணீரில் இருக்கும் அளவு குளோரின், ஒரு பொட்டலம் ஈஸ்டைக் கொன்றுவிடாது. மணம்தான் கெடும்.

கேகாலை_இஞ்சி:
என் அனுபவத்தில் எல்லாக் கோளாறும் இஞ்சியில்தான் தொடங்குகிறது. சந்தையில் கிடைக்கும் பெரிய, வழவழப்பான இறக்குமதி இஞ்சியில் காரமும் இல்லை, உயிரும் இல்லை. நம்முடைய சிறிய நாட்டிஞ்சியைத் தோலோடு துருவிப் போட்டால் ஈஸ்டே வேண்டாம். தோலில் இருப்பதே போதும்.

கொட்டாஞ்சேனை_ரவி:
நாட்டிஞ்சி விடயத்தில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் அவர் செய்தது கிட்டில். அதில் இஞ்சிச் சாறு ஏற்கெனவே பாணியில் கலந்திருக்கும்.

வாசுகி_வெள்ளவத்தை:
சோடா வந்த பிளாஸ்டிக் போத்தல்கள். ஈஸ்ட் பொட்டலம் கிட்டிலேயே இருந்தது, திகதி முடியவில்லை. ஹைட்ரோமீட்டர் இல்லை. 18 முதல் 22 பாகைக்குள் வைக்கும்படி தாளில் இருந்தது. எங்கள் மாடி வீட்டில் அப்படியொரு இடமே கிடையாது. அதனால் ஊற்றிய உடனேயே குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

கொட்டாஞ்சேனை_ரவி:
விடை கிடைத்துவிட்டது. குளிர்சாதனப் பெட்டிக்குள் 4 பாகை அளவில்தான் இருக்கும். அந்தக் குளிரில் ஈஸ்ட் சாகாது, உறங்கிவிடும். புதிதாக எதையும் போடாமல் எல்லாப் போத்தல்களையும் வெளியே எடுத்து, வெயில் படாத ஒரு மூலையில் வையுங்கள். வெள்ளவத்தையில் வீட்டுக்குள்ளேயே 28, 30 பாகை இருக்கும். தாளில் சொன்னதைவிட அது கூடுதல்தான். சுவை சற்று முரடாகலாம். ஆனால் வாயு ஏறும், அதுவும் வேகமாக ஏறும்.

கவனம் தேவைப்படுவது இனித்தான். காலையும் மாலையும் ஒவ்வொரு போத்தலையும் விரலால் அமுக்கிப் பாருங்கள். கடையில் வாங்கிய சோடாப் போத்தல் போல இறுகியவுடன் திரும்பக் குளிருக்குள் வைத்துவிடுங்கள், ஒரு இரவுகூடப் பிந்தக்கூடாது. இனிக்கிறது என்கிறீர்கள், ஆகவே சீனி முழுவதும் இன்னும் உள்ளேயே இருக்கிறது. ஒரு லீற்றரில் 100 கிராம் சீனி இருந்தால், அது முழுவதும் நொதித்தால் ஏறத்தாழ 50 கிராம் காபனீரொட்சைட்டு வரும். நன்றாகப் பொங்கும் ஒரு லீற்றர் சோடாவுக்கு 7 கிராமே போதும். மிச்சம் எங்கே போகும்? பிளாஸ்டிக் என்பதால் விரலுக்குத் தெரியும். கண்ணாடியாக இருந்தால் வெடிக்கும்வரை ஒன்றும் தெரியாது.

நொதிக்கூடம்:
ரவி சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது என்பதற்கு ஆதாரம் எங்கே? விமானத்திலும் கொழும்பு வெக்கையிலும் கிடந்த பொட்டலம் அது. வாசுகி, பொட்டலத்தில் மிச்சமிருந்தால் 35 பாகை அளவு இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சீனியோடு கரைத்துப் பாருங்கள். கால் மணி நேரத்தில் நுரை எழவில்லை என்றால் வெளியே வைத்தும் பயனில்லை. ஒரு ஹைட்ரோமீட்டர் வாங்குங்கள் என்று மீண்டும் சொல்கிறேன்.

பம்பலப்பிட்டி_அம்மம்மா:
எல்லோரும் வாயுவைப் பற்றியே பேசுகிறீர்கள். மகனின் பிறந்தநாளுக்கு என்று வாசுகிப் பிள்ளை எழுதியிருக்கிறது. ஈஸ்ட் போட்டால் மதுசாரமும் வருமே! கள்ளுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கேகாலை_இஞ்சி:
அம்மம்மா, இது இஞ்சித் தண்ணீர். எங்கள் வீட்டில் பிள்ளைகள் குடித்துத்தான் வளர்ந்தார்கள்.

நொதிக்கூடம்:
அம்மம்மா கேட்டதுதான் இந்த இழையிலேயே சரியான கேள்வி. ஈஸ்ட் சீனியை உண்ணும்போது வாயுவும் மதுசாரமும் ஏறத்தாழச் சம எடையில் உண்டாகின்றன. ஒன்றை விட்டு மற்றதை மட்டும் பெற முடியாது. ரவி சொன்ன 7 கிராம் வாயு ஏறும்போது மதுசாரம் கனவளவில் ஏறத்தாழ 1 வீதத்தைத் தொடுகிறது. மெல்லிய குமிழோடு நிறுத்தினால் அரை வீதம். கள்ளோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு, ஆனால் பூச்சியம் இல்லை. வெளியே மறந்துவிட்டால் இன்னும் ஏறும். கடையில் விற்கும் சோடாக்களுக்கு வாயுவை இயந்திரத்தால் ஏற்றுகிறார்கள், அதனால் அந்தக் கவலை அங்கே இல்லை.

கேகாலை_இஞ்சி:
பழஞ்சோற்றிலும்தான் நொதித்தல் நடக்கிறது. அதையும் பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடாதா?

பம்பலப்பிட்டி_அம்மம்மா:
பழஞ்சோற்றை யாரும் மூடி அடைத்துப் பொங்க வைப்பதில்லை, தம்பி. வேறு தாய்மார் நம்பி அனுப்பும் பிள்ளைகள் வருகிறார்கள். தெரிந்துகொண்டு கொடுப்பது சரியில்லை.

தாவரவியல்_ரீச்சர்:
இடையில் ஒரு செய்தி. ஜிஞ்சர் பியர் நொதிப்பதை முதலில் தீர ஆராய்ந்தவர்களில் ஒருவருக்கும் நம் நாட்டுக்கும் தொடர்பு உண்டு. ஆங்கிலேயத் தாவரவியலாளர் மார்ஷல் வோர்ட் 1880 முதல் 1882 வரை இலங்கையில் இருந்து, கோப்பித் தோட்டங்களை அழித்த இலைத்துரு நோயை ஆராய்ந்தார். இங்கிலாந்து வீடுகளில் ஜிஞ்சர் பியர் செடி என்று ஒரு கட்டியைக் கைமாற்றி வளர்த்துவந்தார்கள். அது செடியே அல்ல, ஒரு ஈஸ்டும் ஒரு பற்றீரியாவும் கூடி வாழும் திரள் என்று 1892இல் எழுதியவரும் அவரே. மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போது வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

மட்டக்குளி_மச்சான்:
ஜிஞ்சர் பியர் இருக்கட்டும். அதே அத்தானிடம் சொல்லி ஒரு ஏல் (பியர் வகை) கிட் வரவழைத்தால் இதே முறையில் செய்யலாமா? மோல்ட் (முளைவிட்ட பார்லி) பாணி டின்னோடு 23 லீற்றர் வரும் என்கிறார்கள்.

கொட்டாஞ்சேனை_ரவி:
அதற்கு இங்கே அனுமதிப்பத்திரம் வேண்டும். 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. வேறு இழையில் பேசுவோம், இது வாசுகி அக்காவின் கேள்வி.

வாசுகி_வெள்ளவத்தை:
வெளியே வைத்தேன், போத்தல்கள் இறுகிவிட்டன. திரும்பவும் குளிரில் வைத்தாயிற்று. நன்றாகப் பொங்குகிறது, நல்ல காரம். பிள்ளைகளுக்குக் கடைச் சோடா வாங்குகிறேன், இது பெரியவர்களுக்கு. ரவி தம்பிக்கும் அம்மம்மாவுக்கும் நன்றி.

கொட்டாஞ்சேனை_ரவி:
மகிழ்ச்சி அக்கா. குளிரிலும் மெதுவாக ஏறும், நாள் கடத்தாமல் குடித்து முடித்துவிடுங்கள். திறக்கும்போது மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள்.

தெளிந்தநீர்:
எந்தத் தண்ணீரில் செய்தீர்கள் என்று இன்னும் சொல்லவில்லையே?